1,51,880 எஸ்.டி.ஆரும் ஒரு தண்டையார்பேட்டைக் குடும்பமும்: விமான விபத்து இழப்பீடு பற்றிய நிகழ்வு ஆய்வு

முதலில் கோப்பில் இருப்பது. இறந்தவர் 34 வயது டிக் (TIG, உலோகத்தைப் பற்றவைக்கும் ஒரு முறை) வெல்டர். மணலியில் ஒப்பந்தக்காரர்களிடம் ஷட்டவுன் வேலை (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு) பார்த்துவிட்டுப் பிறகு அமீரகத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனிக்குப் போனவர். மாதம் 2,400 திர்ஹம்: அடிப்படைச் சம்பளம் 1,600, தங்குமிடப் படி 500, சாப்பாடு, போக்குவரத்துக்கு 300. தண்டையார்பேட்டையில் மனைவி (29), மகன் (6), மகள் (3), 58 வயதுத் தாய். தகப்பனார் இல்லை. இந்தியாவில் பதிவாகாத ஒரு வெளிநாட்டு ஏர்லைனில், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது விபத்து. டிக்கெட் எடுத்தது கம்பெனி. துபாய்–சென்னை–துபாய் என்ற ரிட்டர்ன் டிக்கெட். விபத்து 2025 தொடக்கத்துக்குப் பிறகு.

குடும்பமும் விபத்தும் கணக்குக்காக அமைத்த மாதிரிகள். சட்டம், தீர்ப்புகள், தேதிகள், தொகைகள் நிஜம்.

இப்படி ஒரு செய்தி வந்த மறுநாளே தெருவில் ஒரு எண் சுற்ற ஆரம்பித்துவிடும். "ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணே முக்கால் கோடி, இன்டர்நேஷனல் சட்டம்" என்பார்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது, அது எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்பதில்தான் இந்த வழக்கே நிற்கிறது.

அந்த எண்ணின் வேலை

சர்வதேச விமானப் பயணத்தில் சாவோ உடற்காயமோ நேர்ந்தால் பொருந்துவது 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியாவுக்கு அது 2009 ஜூன் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1972 விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. தொகைகள் எஸ்.டி.ஆரில் இருக்கும். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியம் கணக்குக்காக வைத்திருக்கும் அலகு. முதலில் 1,00,000 எஸ்.டி.ஆராக இருந்த வரம்பு 2009 இறுதியில் 1,13,100 ஆனது. 2019 டிசம்பர் 28 முதல் 1,28,821. 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880. ஒரு எஸ்.டி.ஆரை 120 ரூபாய் என்று வைத்தால் சுமார் 1 கோடியே 82 லட்சம். வழக்கு தீர்ப்புவரை போனால் தீர்ப்பு நாளின் மதிப்பில்தான் ரூபாயாக மாற்ற வேண்டும். விபத்து நாளின் மதிப்பில் அல்ல.

இது குறைந்தபட்சத் தொகையா? மங்களூருவில் 2010 மே 22 அன்று 158 பேர் இறந்த விபத்துக்குப் பின் இதே கேள்வி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2011-ல் தனி நீதிபதி, ஒரு லட்சம் எஸ்.டி.ஆர். (இந்தியச் சட்டத்தில் அப்போதும் இருந்த பழைய வரம்பு), அன்றைய கணக்கில் 75 லட்சம் ரூபாய், ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்றார். அதே ஆண்டில் டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதிகள் அமர்வு) அதை மாற்றியது: நஷ்டம் எவ்வளவு என்று குடும்பம் நிரூபிக்க வேண்டும், நிரூபித்த தொகை அந்த வரம்புக்குள் இருந்தால், "எங்கள் மேல் தவறில்லை" என்று விமான நிறுவனம் தப்பிக்க முடியாது. அவ்வளவுதான்.

அது அதிகபட்சமும் அல்ல. வரம்பைத் தாண்டிய தொகைக்கு விமான நிறுவனம் ஒரு தற்காப்பு எடுக்கலாம்: தன் பக்கம் கவனக்குறைவு இல்லை, அல்லது நஷ்டம் முழுக்க மூன்றாம் நபரால் வந்தது. அதை நிரூபிக்கும் பொறுப்பும் நிறுவனத்துடையதே. நிரூபிக்க முடியாவிட்டால் மேல்வரம்பு கிடையாது. மங்களூரு விபத்தில் இறந்த 45 வயது மண்டல இயக்குநர் ஒருவரின் குடும்பத்துக்கு 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது சுமார் 7.64 கோடி ரூபாய்.

ஆக 1,51,880 என்பது ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே விபத்துக்கான காரணத்தைப் பற்றிய சண்டையே கிடையாது, நஷ்டத்தின் அளவைப் பற்றிய சண்டை மட்டும். கோட்டுக்கு மேலே இரண்டும் உண்டு. நம் வெல்டர் குடும்பம் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல், விசாரணை அறிக்கை வரட்டும் என்று காத்திருப்பது வீண் வேலை.

டிக்கெட்டைப் படிப்பது

கோப்பைத் திறந்ததும் பார்க்க வேண்டியது டிக்கெட். விமானம் விழுந்த இடத்துக்கு இதில் பெரிய பங்கில்லை. ஒரே ஒப்பந்தமாக எடுத்த சென்னை–மும்பை–துபாய் டிக்கெட்டில், சென்னை–மும்பை கட்டத்தில் விபத்து நடந்தாலும் அது சர்வதேசப் பயணமே, மாண்ட்ரியல் பொருந்தும். பத்தோ இருபதோ மிச்சமாகிறது என்று மும்பை வரைக்கும் தனி டிக்கெட், அங்கிருந்து தனி டிக்கெட் என மண்ணடி ஏஜென்ட் பிரித்துப் போட்டிருந்தால், முதல் கட்டம் உள்நாட்டுப் பயணமாகி, மத்திய அரசு தனியே அறிவித்த உள்நாட்டு விதிகளுக்குள் போய்விடக்கூடும். அப்போது இரண்டும் ஒரே பயணமாகவே திட்டமிடப்பட்டது என்பதை ஏஜென்ட்டின் பில், வாட்ஸ்அப் உரையாடல், ஒரே நாளில் கட்டிய பணம் இவற்றைக் கொண்டு காட்ட வேண்டிவரும். ஏஜென்ட்டிடம் இருந்து பி.என்.ஆர். எண்ணோடு கூடிய இன்வாய்ஸை முதல் வாரத்திலேயே வாங்கி வைப்பது இதற்காகத்தான்.

நம் கோப்பில் சிக்கல் வேறு. துபாயில் தொடங்கித் துபாயில் முடியும் ரிட்டர்ன் டிக்கெட் இது. ஒப்பந்தத்தின் கண்ணில் "சேருமிடம்" துபாய். சென்னை நடுவில் நிற்குமிடம் மட்டுமே. அவர் சென்னைக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் இறந்தார் என்பது இதை மாற்றாது. பலரும் இங்கே தடுமாறுகிறார்கள்.

வழக்குப் போடக்கூடிய இடங்கள் ஐந்து. விமான நிறுவனம் பதிவான நாடு, அதன் தலைமை வணிகம் நடக்கும் நாடு, டிக்கெட் ஒப்பந்தம் போட்ட அதன் அலுவலகம் உள்ள நாடு, சேருமிடம் ஆகிய நான்கும் இந்தக் கோப்பில் இந்தியாவுக்கு வெளியே விழுகின்றன. மிஞ்சுவது ஐந்தாவது: பயணியின் முதன்மையான நிரந்தர வசிப்பிடம். அதற்கும் நிபந்தனை உண்டு. அந்த ஏர்லைன் இந்தியாவுக்குப் பயணிகளை ஏற்றி இறக்க வேண்டும், இங்கே சொந்தமாகவோ வாடகைக்கோ, அல்லது கூட்டு ஒப்பந்தமுள்ள வேறொரு ஏர்லைனுடையதாகவோ, ஒரு இடத்திலிருந்து வணிகம் நடத்த வேண்டும். சென்னையில் கவுன்டர் வைத்திருக்கும் ஏர்லைனுக்கு இது பெரும்பாலும் பொருந்திவிடும்.

எதிர்த்தரப்பு வக்கீல் பிடிப்பது "நிரந்தர வசிப்பிடம்" என்ற இடத்தைத்தான். நான்கு வருடமாக அமீரக ரெசிடென்ஸ் விசா, எமிரேட்ஸ் ஐடி, அங்கே லேபர் கேம்ப் முகவரி; எனவே வசிப்பிடம் அமீரகம் என்பார். பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்: ரேஷன் கார்டில் பெயர், வாக்காளர் அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு, மனைவி கணக்குக்கு மாதாமாதம் வந்த பணம், வேலை ஒப்பந்தத்திலேயே இருக்கும் "ஆண்டு விடுப்புக்குத் தாய்நாட்டுக்கு டிக்கெட்" என்ற பிரிவு, இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் மட்டுமே நீடிக்கும் விசா. குடும்பத்தை அழைத்துப்போகும் தகுதிச் சம்பளமே இல்லாதவர் கேம்பில் நிரந்தரமாக வசித்தார் என்ற வாதம் வலுவானதல்ல. ஆனாலும் முன்கூட்டியே ஆவணம் கட்டாமல் குறுக்கு விசாரணையில் மனைவி வாயால் இதைச் சொல்லவைப்பது ஆபத்து.

இதே பயணம் மண்ணடியில் எடுத்த சென்னை–துபாய்–சென்னை டிக்கெட்டாக இருந்திருந்தால் சேருமிடம் சென்னை, பேச்சே இல்லை. ஏர்லைன் இந்தியாவில் பதிவானதாக இருந்தாலும் அப்படியே.

பெயர், கல்யாணம், வாரிசு

இறப்புச் சான்றிதழ் சாவு நடந்த இடத்தில்தான் பதிவாகும். மாநகராட்சியின் தண்டையார்பேட்டை மண்டல அலுவலகத்தில் போய் நிற்பதில் பயனில்லை. வெளிநாட்டில் என்றால் அங்குள்ள பதிவோடு இந்தியத் தூதரகப் பதிவும் வேண்டும். உடல் அடையாளம் டி.என்.ஏ. மூலம் உறுதிப்பட்டிருந்தால் அந்த அறிக்கையின் நகலையும், உடலை ஒப்படைத்த ரசீதையும் கோப்பில் சேர்க்க வேண்டும்; சான்றிதழில் தேதி, பெயர் பிழை வந்தால் திருத்த உதவுவது அவைதான்.

பெயர்ப்பிழை இங்கே வராத வீடு இல்லை. ரேஷன் கார்டில் "மு. குமார்". ஆதாரில் "குமார் எம்". பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக ஏறி "குமார் முனுசாமி". டிக்கெட்டில் அது திருப்பிப் போட்டு "முனுசாமி குமார்". சென்னைக்காரருக்கு நான்கும் ஒரே ஆள். லண்டனில் உட்கார்ந்திருக்கும் காப்பீட்டு நிறுவன ஊழியருக்கு நான்கு பேர். எல்லாப் பெயர்களையும் வரிசையாக எழுதி, நான்கும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமும், வட்டாட்சியரிடம் ஒரே நபர் சான்றும் வாங்கி முதல் கடிதத்தோடேயே அனுப்பினால் மூன்று நான்கு மாதக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட கல்யாணங்கள் அடுத்த தொல்லை. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். ஆனால் அந்த விண்ணப்பத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும், ஒருவர் இல்லை. அப்போது கணவரின் பாஸ்போர்ட்டில் உள்ள மனைவி பெயர், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கோயில் ரசீது, ரேஷன் கார்டு இவற்றைச் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒன்று மட்டும் போதாது, நான்கும் இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

வாரிசு சான்றிதழ் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, வட்டாட்சியர் தருவது. தாயின் பெயர் அதில் இருக்க வேண்டும். மாமியார் மருமகள் மனக்கசப்பில் தாயை விட்டுவிட்டு விண்ணப்பிப்பது அடிக்கடி நடக்கிறது. அதன் விலையை அடுத்த பகுதியில் ரூபாயாகவே பார்க்கலாம்.

சண்டை சம்பளத்தில்தான்

இந்திய நீதிமன்றங்கள் விமான விபத்துக்கும் மோட்டார் விபத்து வழக்கின் கணக்கு முறையையே எடுத்துக்கொள்கின்றன. அடிப்படை 2009 சர்லா வர்மா தீர்ப்பும், 2017-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த பிரணய் சேத்தி தீர்ப்பும். ஆண்டு வருமானம், அதோடு எதிர்கால வளர்ச்சிக்கு ஒரு சதவீதம், இறந்தவர் தனக்கே செலவழித்திருக்கக்கூடிய பங்கைக் கழித்து, மிச்சத்தை வயதுக்கு ஏற்ற பெருக்கெண்ணால் பெருக்குவது. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கெண் 16. திருமணமானவரைச் சார்ந்தவர்கள் நான்கு முதல் ஆறு பேர் என்றால் கழிவு கால் பங்கு. இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று. 40 வயதுக்குக் கீழே நிரந்தர வேலைக்கு 50 சதவீதம் கூட்டு, நிலையான சம்பளமோ சுயதொழிலோ என்றால் 40.

திர்ஹத்தை 23 ரூபாயாக வைத்தால் மாதம் 2,400 திர்ஹம் 55,200 ரூபாய், ஆண்டுக்கு 6,62,400. 40 சதவீதம் கூட்டினால் 9,27,360. கால் பங்கு கழித்தால் 6,95,520. பதினாறால் பெருக்க 1,11,28,320 ரூபாய். இதோடு சம்பிரதாயத் தலைப்புகள். 2017-ல் கன்சார்ட்டியம் எனும் துணை இழப்புக்கு 40,000, சொத்து இழப்புக்கும் ஈமச் செலவுக்கும் தலா 15,000 என்று வைத்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் ஏற்றச் சொன்னது தீர்ப்பு. இரண்டு ஏற்றத்துக்குப் பின் 48,400-உம் 18,150-உம். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் நால்வருக்கும் துணை இழப்பு 1,93,600. மற்ற இரண்டும் சேர்த்து 36,300. மொத்தம் 1,13,58,220.

கோடு 1.82 கோடியில் இருக்கிறது. முழுக் கோரிக்கையும் அதற்குக் கீழே. எனவே விமானி தவறா, இன்ஜின் தவறா, ஓடுபாதையா, பறவையா என்பது இந்தக் குடும்பத்துக்குத் தேவையே இல்லை. பயணியே தன் சாவுக்குக் காரணமானார் என்றால் மட்டுமே தொகை குறையும். அது இங்கே எழவில்லை.

இப்போது எதிர்த்தரப்பு எங்கே கைவைக்கும் என்று பார்க்கலாம். படிகளைச் சேர்க்கக் கூடாது, அடிப்படைச் சம்பளம் 1,600 திர்ஹம்தான் வருமானம் என்று ஏற்றுக்கொண்டால் பெருக்கு முடிவு 74,18,880. ஒரே வரியில் 37 லட்சம் போகிறது. இதற்கு நேரடியான பதில் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது: சம்பளத்தை எந்தெந்தத் தலைப்பில் பிரித்துக் கொடுப்பது என்பது முதலாளியின் வசதி; அதனால் வருமானம் குறைந்துவிடாது.

தாயைச் சார்ந்தவர் பட்டியலில் விட்டால் சார்ந்தவர்கள் மூவர், கழிவு மூன்றில் ஒன்று, தொகை 98,91,840. மாமியாரை விட்டதால் வீட்டுக்கு நஷ்டம் 12,36,480 ரூபாய், அவருடைய துணை இழப்புத் தொகை தனி. வேலை நிரந்தரம் என்று காட்டி 50 சதவீதம் வாங்க முடிந்தால் 1,19,23,200 ஆகும். இரண்டாண்டு ஒப்பந்தம் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டதை வைத்து இதைக் கேட்கலாம். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

சம்பளத்துக்கு ஆதாரம் எது? அமீரகத்தில் தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தம் ஒன்று, கையில் வருவது ஒன்று என்பது எல்லோரும் அறிந்தது. ஒப்பந்தத்தில் 1,200 திர்ஹம் என்றிருந்தால் ஏர்லைன் தரப்பு அதைத்தான் தூக்கிக் காட்டும். அதை உடைப்பது சம்பளப் பாதுகாப்பு முறையின் கீழ் வங்கி வழியாக ஏறிய மாதாந்தரப் பதிவு. கடைசி 12 மாதப் பதிவையும், கம்பெனியின் சம்பளச் சான்றையும் வாங்கி, அமீரக வெளியுறவு அமைச்சகத்திலும் இந்தியத் துணைத் தூதரகத்திலும் சான்றொப்பம் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். கம்பெனி மூடிப்போவதற்கோ மேனேஜர் மாறுவதற்கோ முன் இதைச் செய்ய வேண்டும். உடன் வேலை பார்க்கும் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டால் நடந்துவிடுகிற காரியம், ஒரு வருடம் தள்ளினால் நடக்காது. இந்தியாவில் என்.ஆர்.இ. கணக்குக்கும் (வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) மனைவி கணக்குக்கும் வந்த தொகை இதற்குத் துணை நிற்கும்.

உண்டியலில், அதாவது வங்கி வழியில்லாமல் ஆள் மூலம், அனுப்பிய பணத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் மதிப்பில்லை. வீட்டுக்கு மாதம் 40,000 வந்தது உண்மையாகவே இருக்கலாம். பாஸ்புக்கில் 8,000 தான் தெரிகிறது என்றால் 8,000 பற்றித்தான் கேள்வி வரும்.

மண்ணடி, பர்மா பஜார் பக்கம் "குருவி"யாகச் சரக்கு கொண்டுவருபவர் இறந்தால் நிலைமை இன்னும் மோசம். மாதம் நான்கு முறை சிங்கப்பூர் போய்வந்ததற்குப் பாஸ்போர்ட் முத்திரை இருக்கும், வருமானத்துக்கு ஒரு துண்டுச்சீட்டும் இருக்காது. வருமான வரிக் கணக்கு ஒன்றாவது தாக்கல் செய்திருந்தால் அதைப் பிடித்து நிற்கலாம். இல்லாவிட்டால் திறமையற்ற தொழிலாளியின் கூலியில் நீதிமன்றம் ஒரு மதிப்பு வைக்கும், அதுவே முடிவு.

இறந்தவரின் எல்.ஐ.சி. தொகையை இழப்பீட்டில் கழிக்க முடியாது. 1998-லேயே உச்ச நீதிமன்றம் மோட்டார் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. எனவே பக்கத்தில் இருப்பவற்றையும் தேட வேண்டும். குடியேற்ற அனுமதி முத்திரையோடு போன தொழிலாளிக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் விபத்துச் சாவுக்கு 10 லட்சம் காப்பீடு உண்டு. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமாவில் 2 லட்சம். பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய் வரியைத் தேடிப் பாருங்கள், பல வீட்டில் தெரியாமலே இருக்கும்.

முன்பணமும் கையெழுத்தும்

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பின் ஏர் இந்தியா 25 லட்சம் இடைக்காலத் தொகை அறிவித்தது. டாடா குழுமம் தனியே ஒரு கோடி அறிவித்தது. இந்த இரண்டின் தன்மையும் வேறு. மாண்ட்ரியல் 28-ஆம் பிரிவின் முன்பணம் பின்னால் வரும் இழப்பீட்டில் கழிக்கப்படும். அது பொறுப்பை ஒப்புக்கொண்டதும் ஆகாது. கருணைத் தொகை கழிக்கப்படுமா என்பது அதைத் தருபவர் எழுதிக் கொடுக்கும் வாசகத்தைப் பொறுத்தது. எழுத்தில் கேட்க வேண்டும்.

முன்பணத்தை வாங்க மறுப்பது வீராப்பு, பயனில்லை. வாங்கும்போது ரசீதில் கைப்படச் சேர்க்க வேண்டிய வரி ஒன்று: "இத்தொகை முன்பணமாக மட்டும் பெறப்பட்டது, ஒப்பந்தத்தின் கீழுள்ள மற்ற எல்லா உரிமைகளும் பாதிக்கப்படாமல் பெறப்படுகிறது." தர மறுத்தால் அந்த மறுப்பையே மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளலாம்.

முன்பணத்துக்கு முன் ஒரு படிவம் வரும். "இறந்தவரைப் பொருளாதார ரீதியாகச் சார்ந்திருந்தீர்களா" என்று தாயிடம் கேட்பார்கள். மாதம் 1,200 ரூபாய் விதவை ஓய்வூதியம் வருவதால் "இல்லை" என்று அவர் நேர்மையாக எழுதுவார். மேலே பார்த்த பன்னிரண்டு லட்சத்தைக் கிழிக்க அந்த ஒரு சொல் போதும். 1,200-இல் யாரும் சென்னையில் வாழ முடியாது. "ஓய்வூதியம் 1,200 வருகிறது, மீதிச் செலவு மகன் பணம்" என்று எழுதுவதுதான் உண்மையும்கூட.

கடைசியில் வருவது முழு விடுவிப்புப் பத்திரம். விமான நிறுவனத்தோடு, விமானம் செய்தவர், இன்ஜின் செய்தவர், விமான நிலையம், காப்பீட்டாளர், பராமரிப்பு நிறுவனம் என்று ஒரு நீண்ட வரி இருக்கும். விபத்துக்கு முன் டிக்கெட்டில் அச்சிட்ட பொறுப்புக் குறைப்பு செல்லாது; ஆனால் விபத்துக்குப் பின் தெரிந்து போடும் கையெழுத்து செல்லும். அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் கோப்பை மூடுகிறார்கள்.

எங்கே, எப்போது

வழக்குப் போட இரண்டு ஆண்டு. விமானம் சேர்ந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். சாதாரணக் காலவரம்பு தாண்டினால் சில வழக்குகளில் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். இங்கே உரிமையே அணைந்துபோகிறது. பிள்ளைகள் மைனர் என்பதும், "பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது" என்ற மின்னஞ்சல்களும், விசாரணை முடியவில்லை என்பதும் காலக்கெடுவை நீட்டாது என்றே எண்ணிக் காலண்டரில் 22-ஆம் மாதத்தைக் குறித்துவிட வேண்டும். 2020 ஆகஸ்ட் 7 கோழிக்கோடு விபத்தின் இறுதி அறிக்கை 2021 செப்டம்பரில்தான் வெளியானது. இரண்டில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போயிற்று. நம் குடும்பத்துக்கு அந்த அறிக்கையே வேண்டாம் என்று மேலே பார்த்தோம்.

உரிமையியல் வழக்கு என்றால் பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நகர உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றத்தின் மூல வழக்குப் பிரிவோ, தொகையைப் பொறுத்து. 2017 திருத்தத்துக்குப் பின் கோர்ட் ஃபீஸ் நூற்றுக்கு 3 ரூபாய், 1.13 கோடிக்குச் சுமார் 3.4 லட்சம். கட்ட வசதியில்லை என்றால் வறியவர் வழக்காகப் பதிய மனு போடலாம், ஆனால் அந்த மனுவே தனியாக விசாரிக்கப்படும். இரண்டாண்டில் அதற்கும் இடம் விட வேண்டும். மனைவி பெண் என்பதாலேயே, வருமானம் பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.

நுகர்வோர் ஆணையம் மலிவு. 2019 சட்டத்தில் எந்த ஆணையம் என்பதை முடிவுசெய்வது கேட்கும் இழப்பீடு அல்ல, சேவைக்குக் கொடுத்த விலை. டிக்கெட் 35,000 ரூபாய் என்றால், கேட்பது ஒரு கோடியானாலும் மாவட்ட ஆணையம்தான். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இந்த ஏற்பாடு செல்லும் என்று உறுதிசெய்தது. 5 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணமே இல்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தில் பதியலாம். எதிர்த்தரப்பு மேல்முறையீடு போக வேண்டுமென்றால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். குடும்பத்துக்கு இது பெரிய பிடி. குறை என்னவென்றால், சாட்சியம் நிறைய வேண்டும், சிக்கலான வழக்கு, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்று எதிர்த்தரப்பு முதல் நாளே மனு போடும். சம்பள ஆவணம் சான்றொப்பத்தோடு சுத்தமாக இருந்தால் நுகர்வோர் ஆணையம். வாய்மொழிச் சாட்சி நம்பி நிற்க வேண்டிய கோப்பு என்றால் உரிமையியல் நீதிமன்றம். நம் வெல்டர் கோப்புக்கு முதலாவது சரி.

அமெரிக்காவில் தயாரிப்பாளர் மேல் வழக்குப் போடலாம் என்று அழைப்புகள் வரும். கிடைக்கும் தொகையில் பங்கு என்று பேசுவது அங்கே வழக்கம். இந்திய வக்கீல் அப்படிப் பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது, வீடு தேடி வந்து வழக்குப் பிடிப்பதையும் தடுக்கிறது. இந்தியக் குடும்பம் இந்தியாவிலேயே வழக்காடட்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் திருப்பி அனுப்புவதும் உண்டு. தயாரிப்புக் குறை தெளிவாக வெளிவந்தால் யோசிக்கலாம். அதற்காக இங்கே உள்ள காலக்கெடுவை விட்டுவிடக் கூடாது.

உயிர் பிழைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மாண்ட்ரியல் உடற்காயத்துக்குத்தான், காயமில்லாத மன அதிர்ச்சி மட்டும் என்றால் நிற்பது கடினம். ஸ்டான்லி மருத்துவமனையில் முதல் நாள் எழுதிய விபத்துப் பதிவில் கழுத்து வலி, காது இரைச்சல் எல்லாம் ஏறியிருக்க வேண்டும். மூன்றாம் மாதம் சேர்த்தால் நம்ப மாட்டார்கள். ஊனச் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது, அவர் செய்த தொழிலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு விரல் மடங்காத வெல்டருக்கு மருத்துவக் குழு தரும் எண் சிறியதாக இருக்கும், ஆனால் டார்ச்சைப் பிடிக்க முடியாது. அதை ஃபோர்மேன் ஒருவர் சாட்சியாக வந்து சொல்ல வேண்டும்.

பணம் வந்த பிறகு

மைனர் பிள்ளைகள் பெயரில் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி கட்டாயம். அது இல்லாத சமரசத்தைப் பிள்ளைகள் பின்னால் ரத்து செய்யக் கேட்கலாம் என்பதால் ஏர்லைன் வக்கீலே இதை வற்புறுத்துவார். பிள்ளைகளின் பங்கு 18 வயதுவரை தேசிய வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கும். வட்டியைப் பிள்ளைகளின் தாய் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று அசல் மனுவிலேயே கேட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பள்ளிக் கட்டணத்துக்கு ஒவ்வொரு ஜூனிலும் தனி மனு. இறந்தவரின் தாயின் பங்கு அவர் தனிக் கணக்குக்குப் போகட்டும்; மருமகளோடு கூட்டுக் கணக்கு வேண்டாம். கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., பாஸ்புக் முதல் பக்கம் மூன்றும் உத்தரவு வருவதற்கு முன்பே பதிவகத்தில் கொடுத்திருக்க வேண்டும், பாஸ்புக்கில் உள்ள பெயர் உத்தரவில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு.